பேனரில் நின்ற கேப்டன்

தம்பிகளே, உங்கள் தோளில் இப்போதுதான் முதல் நட்சத்திரம் ஏறியிருக்கிறது. சந்தோஷம். கேன்டீனில் லட்டு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், மனைவிக்கு வீடியோ கால் போட்டுத் தோளைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருப்பீர்கள். நானும் அதையெல்லாம் செய்தவன்தான். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, சுபேதார் வரிசைக்கு வருவது லேசில்லை. இனி நீங்கள் சிப்பாயும் இல்லை, ஆபீசரும் இல்லை. நடுவில் நிற்பவர்கள். மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே புரியவைக்க வேண்டும், கீழே இருப்பவன் சொல்லாமல் விடுவதை மேலே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு விழும், பழகிக்கொள்ளுங்கள்.

அணிவகுப்பு, கணக்கு, ஸ்டோர் எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. எந்த வகுப்பிலும் சொல்லித்தராத வேலை ஒன்று உண்டு. உங்கள் பையன்களில் ஒருவன் செத்துப்போனால், அவனை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. தமிழ் தெரிந்த சுபேதார் என்றால் தமிழ்நாட்டுக்குப் போகும் பெட்டியெல்லாம் அவன் தலையில்தான் விடியும். என் தலையில் நிறைய விடிந்தது. அதில் ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்கிறேன். அது எங்கள் பக்கத்துப் பெட்டி. நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ராஜகுளம். அவன் உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம், மானாம்பதியை ஒட்டிய ஒரு காலனி.

அவன் பெயர் ஜான்சன். டிகிரி முடித்துவிட்டுச் சிப்பாயாக வந்தவன். இப்போது உங்கள் பிளாட்டூனிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். எங்கள் காலத்தில் பத்தாவது பெயிலானவன் வருவான், ஓடுவான், சாப்பிடுவான், தூங்குவான். மேய்ப்பது சுலபம். டிகிரி பையனுக்குள் ஒரு முள் இருக்கும். நாமும் ஆபீசராக வந்திருக்கலாமே என்கிற முள். கல்லூரி முடித்தவன் முன்னால் இரண்டு வரிசை இருக்கிறது அல்லவா? ஒன்றில் ஓடிக் காட்டி, மார்பை அளந்து காட்டி உள்ளே வரலாம். இன்னொன்றில் ஐந்து நாள் இங்கிலீஷில் பேசி, படத்தைப் பார்த்துக் கதை எழுதி, கயிற்றில் தொங்கி, கடைசியில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடித்தால் உள்ளே வரலாம். இரண்டு வரிசைக்கும் ஒரே குளிர், ஒரே மலை என்று மேடையில் பேசுவார்கள். நம்பாதீர்கள். சாப்பிடும் இடம் வேறு, தூங்கும் இடம் வேறு, ஒருவன் சல்யூட் அடிப்பான், இன்னொருவர் வாங்கிக்கொள்வார். இது தெரிந்துதான் பையன்கள் தவிக்கிறார்கள்.

ஜான்சன் என்னிடம் வந்து சேர்ந்த புதிதில் அவனைக் கவனித்ததற்குக் காரணம் அவன் பேச்சுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு. "இன்னா சாப், கொழம்புல இன்னிக்கி உப்புதான் கீது, பருப்பக் காணோம்" என்பான். சார் என்பதற்குச் சாப் என்றது மட்டும்தான் பட்டாளத்துப் பேச்சு. அந்த மலை உச்சியில் அதைக் கேட்டால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல இருக்கும். நல்ல வேலைக்காரன். ஆனால் லீவில் ஊருக்குப் போகும்போது மட்டும் ஒரு விநோதம் செய்வான். மற்ற பையன்கள் சலவை செய்து வைத்த யூனிஃபார்மைப் பெட்டியில் எடுத்துப்போவார்கள், ஊரில் ஒரு கல்யாணத்திலாவது போட்டுக் காட்டத்தான். இவன் ஒன்றையும் எடுத்துப்போக மாட்டான். பேன்ட், சட்டையோடு போய்விட்டுப் பேன்ட், சட்டையோடு திரும்புவான்.

ஒரு தடவை லீவு முடிந்து வந்தவன் முகம் சரியில்லை. என்னடா என்றேன். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். ஊர் முனையில் கட்டிய பேனர். மூன்று நட்சத்திரம் வைத்த ஆபீசர் உடுப்பு, தலையில் தொப்பி, மார்பில் என்னென்னவோ பதக்கங்கள். அதன் மேல் ஜான்சன் முகம். கீழே 'எங்கள் மண்ணின் மைந்தன் கேப்டன் ஜான்சன்' என்று கொட்டை எழுத்து. உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரன் எவனோ ஏதோ வடநாட்டு ஆபீசரின் உடம்பில் இவன் தலையை ஒட்டியிருக்கிறான். கழுத்து மட்டும் நல்ல சிவப்பு, முகம் எங்கள் பக்கத்துக் கறுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சாப். இத்த யாருனா பாத்தா எனக்குத் தண்டன குடுப்பாங்களா?"

"உன்னைக் கேப்டன் என்று யார்டா சொன்னது?"

"நான் வாயத் தொறந்து ஆபீசர்னு சொல்லவே இல்ல சாப். செலக்ட் ஆயிட்டேன் நைனானு தான் சொன்னேன். அவரு போன வெச்சிட்டு காலனி பூரா ஆபீசர் ஆயிட்டான், ஆபீசர் ஆயிட்டான்னு சொல்லிகினு போயிட்டாரு. இந்த வாட்டி ஊர்ல போயி எறங்கசொல்ல பேனரே கட்டியாச்சி. என்னால மாத்த முடில."

நைனா என்று அவன் சொன்னது அவன் அப்பாவை. பெயர் மாசிலாமணி. அம்மா அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மாசிலாமணிக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. பெரிய பண்ணை ஒன்றில் பம்பு செட்டைப் பார்த்துக்கொண்டு, நாற்றுக்கட்டு தூக்கி, களத்தில் மூட்டை ஏற்றிப் பையனை வளர்த்தவர். பண்ணைக்காரரின் பேரன், பள்ளிக்கூடம் போகிற பொடியன், வரப்பில் வந்தாலும் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். ஜான்சன் அதைப் பார்த்தே வளர்ந்தான். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அவர் சொன்னதை ஜான்சன் அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினான்.

"நின்னதெல்லாம் என்னோட போவட்டும்டா. போறதுனா ஆபீசரா போ. சிப்பாயா போயி இன்னொருத்தன் முன்னாடி நிக்கறதுக்கு நம்ம பண்ணயே போதும்."

பையன் ஆபீசர் தேர்வுக்கு இரண்டு தடவை போனான். முதல் தடவை முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை ஐந்து நாளும் தாக்குப்பிடித்தான். கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் தேர்வானவர்களின் எண்ணை மட்டும் வாசித்தார்கள். இவன் எண் வரவில்லை. மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான். ரயிலில் வரும்போதுதான் அவனுக்கு வேறொரு பயம் பிடித்திருக்கிறது. ஆபீசர் கனவைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் நின்றால், சிப்பாயாகச் சேரும் வயதும் தாண்டிவிடும். அப்புறம் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. பண்ணைதான். அப்பாவிடம் கடைசி ரவுண்டு இன்டர்வியூ என்று சொல்லிவிட்டு ஆள்சேர்ப்பு மைதானத்துக்குப் போய் ஓடினான். எடுத்துக்கொண்டார்கள்.

"ஊட்டுல சொல்லிடுடா" என்று நானும் எங்கள் பேச்சிலேயே சொன்னேன்.

"சொல்லிடறேன் சாப். உள்ள இருந்துகினே ஆபீசர் ஆவறதுக்குப் பரீட்ச கீதுல்ல? அத்த பாஸ் பண்ணிட்டு சொல்லிடறேன். அப்போ பொய்யே இல்லாம பூடும்."

சிப்பாயாக இருப்பவன் சில வருட சேவைக்குப் பிறகு ஆபீசர் தேர்வு எழுதலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகப் படிக்க ஆரம்பித்தான். காவல் பணி முடிந்து வந்து, கை விறைத்துப்போகிற குளிரில், போர்வைக்குள் உட்கார்ந்து இங்கிலீஷை வாய்விட்டுப் படிப்பான். பக்கத்துக் கட்டில்காரன் பூட்ஸை எடுத்து எறிவான். எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனான். அன்றைக்கு அவன் பண்ணிய அமர்க்களம் சொல்லி மாளாது. சமையல்காரனைத் தூக்கிச் சுற்றினான், அந்தாள் எண்பது கிலோ இருப்பார். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த சமயத்தில்தான், சாமான் ஏற்றிக்கொண்டு போன வண்டி மண் சரிந்து மலைச் சாலையில் உருண்டது. வண்டியில் ஜான்சன் இருந்தான்.

அந்த வண்டியைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் பேசுகிறேன்.

நான் முதன்முதலாகப் பெட்டியோடு போனபோது, என்னை அனுப்பிய பெரிய சுபேதார் சாப் ஒரு வார்த்தை சொன்னார். வாயில் எப்போதும் லவங்கம் மெல்லுகிற மனிதர், அதிகம் பேச மாட்டார். "அவர்கள் கேட்காததைச் சொல்லாதே. கேட்டதற்குப் பொய் சொல்லாதே" என்றார். முதல் பாதி எனக்கு உடனே புரிந்தது. எப்படிச் செத்தான், உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் நாமாக வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாம் பாதியின் கனம் ஜான்சனோடு போனபோதுதான் தெரிந்தது.

மீனம்பாக்கத்தில் பெட்டியை இறக்கியதும் ராணுவ லாரி தயாராக இருந்தது. முன்னால் ஒரு ஜீப்பில் இளம் லெப்டினன்ட் ஒருவர். வடக்கத்திப் பையன், அகாடமியிலிருந்து வெளியே வந்து சில மாதம்தான் இருக்கும். ஜான்சன் வயதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் நாக்கு. செங்கல்பட்டில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். ஊரில் காத்திருக்க முடியாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். லாரியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டோம். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். அழவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது லெப்டினன்டின் ஜீப் நின்றது. என்னைக் கூப்பிட்டார். ஏற்பாடு பார்க்க முன்னால் போயிருந்த நம் ஆள் ஒருவன் போனில் படம் அனுப்பியிருந்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலும் ஊர் முனையிலும் கண்ணீர் அஞ்சலி பேனர். அதே சிவப்புக் கழுத்து, அதே மூன்று நட்சத்திரம், கேப்டன் ஜான்சன்.

"சாப், இது என்ன? இவன் சிப்பாய்தானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறார்கள், டிவிக்காரர்கள் வருகிறார்கள். பெட்டியின் தகட்டில் சிப்பாய் என்று இருக்கிறது, பேனரில் கேப்டன் என்று இருக்கிறது. எவனாவது ஒருவன், செத்தவன் ஆள்மாறாட்டம் செய்திருக்கிறான் என்று கிளப்பிவிட்டால் போதும். அதற்குள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடவா என்றார்.

"உத்திரமேரூர் வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள் சாப்" என்றேன். சரி என்றார். நல்ல பிள்ளை.

லாரிக்குத் திரும்பி வந்து மாசிலாமணி எதிரே உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேட்காததைச் சொல்லாதே என்பது ஒரு பக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தகட்டில் இருப்பதை ஊரே வாசிக்கப்போகிறது என்பது இன்னொரு பக்கம். வாசிக்கிறவன் வாயிலிருந்து அந்த மனிதர் அதைக் கேட்கக் கூடாது. நான் தயங்கிக்கொண்டிருக்கும்போது அவரே என் தோளைப் பார்த்தார்.

"ஆபீசர் சார், ஒங்களுக்கு ரெண்டு ஸ்டாரு. எம்புள்ளைக்கு மூணு. அப்போ அவன் ஒங்களுக்கு மேலயா சார்?"

என் தோளில் இருப்பது வேறு நட்சத்திரம், அடியில் நாடா வைத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார்.

"நீங்க அவனுக்கு சல்யூட் அடிப்பீங்களா சார்?"

தம்பிகளே, அவர் கண்ணில் ஒரு சின்ன ஆசை இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடம் அவருக்கு ஏதோ ஒன்று மிச்சமாகியிருக்கும். உத்திரமேரூர் வரைக்கும் மிச்சமாகியிருக்கும். அதற்குப் பிறகு? கேட்டதற்குப் பொய் சொல்லாதே என்று பெரிய சுபேதார் சாப் ஏன் சொன்னார் என்று அந்த லாரியில் எனக்கு விளங்கியது.

"இல்லண்ணா. நான் ஆபீசர் இல்ல. சிப்பாயா சேந்து மேல வந்தவன், சுபேதார். அவன்தான் எனக்கு சல்யூட் அடிப்பான்."

அவர் முகம் அப்படியே நின்றது. பெட்டி மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ எம்புள்ள?"

"சிப்பாய்ண்ணா. நல்ல சிப்பாய்."

"தெனமும் அடிப்பானா ஒங்களுக்கு?"

"தெனமும்."

"கைகட்டிகினா?"

"எங்க எடத்துல கைகட்டக் கூடாதுண்ணா. கட்டினா திட்டுவோம். நெஞ்ச நிமித்திகினு, நேரா கண்ணப் பாத்துதான் நிக்கணும். அவன் அப்படித்தான் நின்னான்."

அதை அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. அறுப்பு எந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை தேர்வுக்குப் போனதை, எண்ணை வாசித்ததை, வயது தாண்டிவிடும் என்று பயந்ததை, போர்வைக்குள் படித்ததை, எழுத்துத் தேர்வில் பாஸானதை எல்லாம் அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். ஆபீசராகிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தான் என்பதையும் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நான் இன்னா அடிச்சிடவா போறேன்?"

அவரே தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

"நான் தானே சொன்னேன், சிப்பாயா போவாதனு. இத்தினி வருசமா எனக்கு பயந்துகினு இருந்துகிறானே பாவி. போன்ல பேசசொல்ல, ஆபீசர் சார் இன்னா பண்றீங்கனு கிண்டல் பண்ணுவேன் சார் நானு. அவன் சிரிப்பான். அப்போ அது சிரிப்பு இல்லியா?"

"சிரிப்புதாண்ணா. எங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி சிரிப்பான், எங்க நைனா இப்படிக் கிண்டல் பண்ணாருனு."

இது பொய். அப்படி அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேலையில் நான் சொன்ன ஒரே பொய் இதுதான். இன்னொரு தடவை அந்த லாரியில் உட்கார நேர்ந்தாலும் இதையே சொல்வேன். பெரிய சுபேதார் சாப் கேட்டால் திட்டட்டும், பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். பெட்டி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஜானு, ஜானு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். நான் லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அவன் சிப்பாய் உடுப்புல கீற போட்டா ஒண்ணு வெச்சிகிறீங்களா?"

என் போனில் இருந்தது. மலையில் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிற படம். காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அதற்காக அன்றைக்கு அவனைத் திட்டியும் இருக்கிறேன். போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். நம் ஆள் அவசரப்பட்டு, நாங்கள் வருவதற்குள் பேனரைக் கழற்றச் சொல்லியிருக்கிறான். அங்கேதான் தீப்பிடித்தது. காலனிப் பையன்கள் பேனர் கம்பத்தைச் சுற்றி நின்றுகொண்டு விடவில்லை. எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்ற ஒருவன் லெப்டினன்டின் முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

"யாரு சார் கயட்ட சொன்னது? எங்க காலனி புள்ளனா ஆபீசரா இருக்கக் கூடாதா? செத்தப் பெறகும் எறக்குவீங்களா?"

பின்னாலிருந்து ரோட்டில் உட்காருங்கடா என்று குரல் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தேவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எதையாவது ஒன்றை எவனாவது வந்து பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். உடுப்புப் போட்ட ஒருவன் வந்து அவர்கள் அண்ணனின் நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? லெப்டினன்ட் என்னைப் பார்த்தார். நீங்கள் பேசுங்கள் என்று அர்த்தம். பேச எனக்குத் தெரியும். விதி இது, தகடு இது என்று எங்கள் பேச்சிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நானும் உடுப்பில்தானே நிற்கிறேன்? அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் கல் வந்து விழும் என்று தோன்றியது. "சாப், கொஞ்சம் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன். இந்த வேலையில் பேசாமல் நிற்பதுதான் சில சமயம் நாம் செய்யக்கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

லாரியிலிருந்து மாசிலாமணி இறங்கினார். துண்டு தோளிலேயே இருந்தது. பையன்கள் வழிவிட்டார்கள். பேனருக்கு முன்னால் போய் நின்று மேலே பார்த்தார்.

"கயட்டுங்கடா."

"பெரிப்பா, நீ சும்மா இரு. இவங்க சொல்லிக் குடுத்தாங்களா ஒனக்கு?"

"எவனும் சொல்லிக் குடுக்கல. இது எம்புள்ள இல்லடா. தல மட்டும்தான் அவனுது. ஒடம்பு எவனுதோ. எம்புள்ள ஒடம்பு தோ, வண்டில கீது."

கூட்டம் அடங்கிவிட்டது.

"அவன் சிப்பாய்டா. எனக்கு பயந்துகினு ஒங்ககிட்டயும் சொல்லாம பூட்டான். ஆபீசருக்கு ரெண்டு வாட்டி போயிகிறான், எடுத்துக்கல. மறுபடியும் படிச்சிகினு இருந்தான். அவன் பொய் சொல்லலடா, நான்தான் ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன். கயட்டுங்க. தோ, இதாண்டா ஜானு." என் போனை உயர்த்திக் காட்டினார்.

கையை நீட்டிக் கத்திய அந்தப் பையன்தான் முதலில் வந்து படத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். பிறகு அவனே கம்பத்தில் ஏறிக் கட்டை அவிழ்த்தான். நான்கு பேர் சேர்ந்து அதைத் தரையில் விழாமல் பிடித்து மடித்தார்கள். ரோட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வண்டிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள். ஊர் வரைக்கும் அப்படியே நடந்தார்கள். ஊர் முனைப் பேனரை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் யாரோ எடுத்திருந்தார்கள்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். உங்களிடம் டிகிரி முடித்த பையன் வந்து சேர்ந்தால், எவ்வளவு ஓடுவான், எப்படிச் சுடுவான் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறாய் என்றும் கேளுங்கள். பாதிப் பேர் தலையைக் குனிவார்கள். அவனை அவமானப்படுத்தாதீர்கள். அடுத்த லீவுக்குப் போகும்போது யூனிஃபார்மை நீங்களே அவன் பெட்டியில் எடுத்து வையுங்கள். ஆபீசர் தேர்வுக்குப் படிக்கிறான் என்றால் படிக்க விடுங்கள், பூட்ஸ் எறிகிறவனை அடக்குங்கள். ஆனால் ஆபீசராகித்தான் அப்பன் முகத்தில் முழிக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை மட்டும் உடையுங்கள்.

அடக்கம் காலனிச் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில். உபதேசியார் ஜெபம் முடித்தார். கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து மாசிலாமணி கையில் கொடுத்தோம். அவர் என் பக்கத்திலேயே நின்றார். மலர் வளையம் வைக்கும் முறை வந்தது. வரவேண்டிய பெரிய அதிகாரிகள் இன்னும் வழியில் இருந்ததால் லெப்டினன்ட்தான் முதலில் போனார். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து, விறைத்து நின்று, சல்யூட் அடித்தார். கையை இறக்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. நெடுநேரம் அப்படியே நின்றார்.

மாசிலாமணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"இவரு தானே நெசமான ஆபீசரு?"

"ஆமாண்ணா."

"எம்புள்ளைக்கா அடிக்கிறாரு?"

"ஆமாண்ணா. செத்தவனுக்கு எங்க எடத்துல எல்லாரும் அடிப்பாங்க. ஜெனரலே வந்தாலும் அடிக்கணும்."

அவர் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த லெப்டினன்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சல்யூட்ட அவன் உசுரோட இருக்கசொல்ல ஒரே ஒரு வாட்டி அவனுக்கு எவனாவது அடிச்சிருந்தா, நான் எதுக்கு சார் அவன ஆபீசர் ஆவு, ஆபீசர் ஆவுனு சொல்லப்போறேன்?"

லெப்டினன்ட் திரும்பி வந்தார், அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். வளையத்தை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தினமும் சல்யூட் அடித்த பையன். அவனுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் அடித்தேன்.